ஒன்றைக் கொளுத்திப் பார்த்து

சிவகாசியில் வயர்லெஸ் இன்டர்நெட் கம்பெனி நடத்திப் பார்த்தவன் நான். நடத்தினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. போட்ட பணம் என் மச்சானுடையது, அதாவது என் மனைவியின் அண்ணனுடையது. பட்டாசு வியாபாரத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். டவர் ஏறுவதும் இறங்குவதும், போனில் ஏச்சு வாங்குவதும் என் பங்கு. மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் மொட்டை மாடியில் எங்கள் டவர் நின்றது. டவரில் சில ரேடியோக்கள், வாடிக்கையாளர்களின் மாடிகளில் ஆளுக்கொரு ரேடியோ. இடையில் கம்பி கிடையாது, வெறும் காற்றுதான். தொலைபேசிக் கம்பி வழியே வரும் இன்டர்நெட் ஊருக்குள் ஊர்ந்துகொண்டும், ஊரைத் தாண்டி எட்டிப் பார்க்காமலும் இருந்த காலம் அது. அச்சகக்காரர்கள் வடநாட்டுப் பார்ட்டிகளுக்கு டிசைன் அனுப்பியாக வேண்டும். அதை வைத்து எங்கள் பிழைப்பு ஓடியது. முப்பது இணைப்பில் ஆரம்பித்து மூன்று வருடத்தில் நூற்றிருபதைத் தொட்டோம். தொட்டதும் தலைகால் புரியவில்லை. இன்னும் இன்னும் என்று மாடி மாடியாக ஏறினேன்.

முதலில் வாங்கிய ரேடியோக்கள் அறைக்குள் மேசைமேல் வைப்பதற்காகச் செய்யப்பட்டவை. நாங்கள் அவற்றை பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, ரப்பர் டேப் சுற்றி, மாடிக் கம்பத்தில் கட்டிவிட்டோம். எங்கள் பக்கத்துச் சித்திரை வெயில் அந்த டப்பாவுக்குள் என்ன பாடு படுத்தும் என்று சொல்லத் தேவையில்லை. மதியம் ஒரு மணிக்கு மயங்கி விழும், வெயில் தாழ்ந்ததும் தானாக எழுந்திருக்கும். அதைவிட மோசம், அவை பேசிய அலைவரிசையில் ஊரே பேச ஆரம்பித்திருந்தது. கம்பியில்லாத தொலைபேசி வாங்கிய வீடெல்லாம் எனக்கு எதிரி. போதாததற்கு, அந்த மாடல் இனிமேல் வராது என்று விற்றவரும் கையை விரித்துவிட்டார். இருக்கும் அத்தனையையும் மாற்றியாக வேண்டும். எதை வாங்குவது?

இந்தக் கேள்விக்கு என்னைவிட ஆவலாகப் பதில் எதிர்பார்த்த பெண் ஒருவர் எம். புதுப்பட்டியில் இருந்தார். எங்கள் டவரிலிருந்து ஆகத் தொலைவில் இருந்த இணைப்பு அவருடையது. முப்பது வயது இருக்கும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பட்டாசு ஆலையில் திரி வைக்கும் வேலை. ஒருநாள் காய்ச்சல் என்று வேலைக்குப் போகாமல் இருந்திருக்கிறார். அன்றைக்கு அவர் வழக்கமாக உட்காரும் அறை வெடித்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த இரண்டு பெண்கள் வீடு திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவர் ஆலைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. தினமும் சிவகாசிக்கு பஸ் ஏறிப்போய் டிசைன் வேலை கற்றுக்கொண்டார். வீட்டு முன்னறையில் பழைய கம்ப்யூட்டர் இரண்டைப் போட்டு, பட்டாசுப் பெட்டிக்கான லேபிள்களை வடிவமைத்துக் கொடுக்க ஆரம்பித்தார். அவரைப் பார்த்து அதே தெருப் பெண்கள் இரண்டு பேர் ஆலையை விட்டுவிட்டு அவரிடம் வந்து சேர்ந்தார்கள்.

அந்த வேலைக்கு ஒரு கெடு உண்டு. காலையில் அச்சகக்காரர் விவரம் சொல்வார். சாயங்காலம் ஐந்து மணிக்குள் புரூஃப் அவருக்கு இமெயிலில் போய்ச் சேர வேண்டும். ஐந்து மணிக்குப் போனால்தான் அச்சுக்கு பிளேட் எடுக்கலாம். ஐந்தரைக்குப் போனால் அந்த வேலை ஊருக்குள் இருக்கும் வேறொருவர் கைக்குப் போய்விடும். சி.டி.யில் எழுதி எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்து நின்று போவதெல்லாம் நடக்கிற காரியம் இல்லை. ஆகவே எங்கள் டப்பா ஓடினால் அவர் அந்த முன்னறையில் இருக்கலாம். ஓடாவிட்டால் ஆலைதான். புதுப்பட்டியில் வேறு வேலைக்கு எங்கே போவது?

அவர் இதை என்னிடம் மென்று விழுங்காமல் சொன்னார்.

"அண்ணே, நான் அங்கன திரும்பிப் போறதா இல்ல. இந்தப் பிள்ளைகளையும் அனுப்புறதா இல்ல. எந்த டப்பாவ வேணும்னாலும் கொண்டாந்து மாட்டுங்க. அஞ்சு மணிக்கு புரூஃப் போய்ச் சேரணும். அம்புட்டுதான்."

"அம்புட்டுதானேம்மா? பாத்துக்கிடலாம்" என்றேன். இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கடைசியில் இரண்டு ரேடியோக்கள் மச்சானின் மேசைக்கு வந்து சேர்ந்தன. ஒன்று வெளிநாட்டுச் சரக்கு. அதைக் கொண்டுவந்த சென்னைக்காரர் அந்தப் புழுக்கத்திலும் டை கட்டியிருந்தார். அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. அந்த ரேடியோவில் டவர்தான் வாத்தியார். ஒவ்வொரு வீட்டு டப்பாவையும் முறை வைத்துக் கூப்பிடும். கூப்பிட்ட டப்பா மட்டும் பேசும், மற்றவை வாயைப் பொத்திக்கொண்டு இருக்கும். எத்தனை பேர் சேர்ந்தாலும் குழப்பம் வராது. விலையைக் கேட்டதும் மச்சான் மின்விசிறியைக் கூட்டி வைக்கச் சொன்னார்.

இன்னொன்று நான் செய்தது. போர்டு ஒரு இடத்தில், ரேடியோ அட்டை ஒரு இடத்தில் என்று வாங்கி, விருதுநகரில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறையில் தகரப் பெட்டி அடித்து, உள்ளே எல்லாவற்றையும் நானே பொருத்தியிருந்தேன். மழை புகாது. வெயிலுக்குச் சுருளாது. அலைவரிசையும் ஊர் பேசாத புது அலைவரிசை. வெளிநாட்டுச் சரக்கு ஒன்றின் விலைக்கு இதில் ஐந்து செய்யலாம். என் பெயரை அதன் மேல் எழுதாததுதான் குறை.

சென்னைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மரியாதையாகத்தான் சொன்னார்.

"நல்லா செஞ்சிருக்கீங்க சார். ஒண்ணா இருந்தா ஓடும். நாப்பது அம்பது டப்பா ஒரே டவரைப் பார்த்தா கஷ்டம். ஒண்ணு பேசறது இன்னொண்ணுக்குக் கேட்காது. எல்லாம் ஒரே நேரத்துல பேச ஆரம்பிச்சிடும்."

தன் சரக்கை விற்க வந்தவர் வேறு எப்படிச் சொல்வார் என்று அவர் போன பிறகு கேலி பேசினேன். அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். டிப்ளமோவில் படித்த பாடம்தான் அது. தெரிந்தேதான் கேலி பேசினேன்.

எங்கள் பக்கத்தில் பட்டாசு வாங்குபவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆலைக்குப் போனால் முதலில் சாம்பிள் பார்ப்பார்கள். போர்மேன் அடுக்கிலிருந்து கைக்கு வந்த ஒன்றை உருவுவார். ஆலைக்குப் பின்னால் இருக்கும் பொட்டலுக்குக் கொண்டுபோய்க் கொளுத்துவார்கள். வாங்க வந்தவர் கையைக் கட்டிக்கொண்டு தலையைக் கொஞ்சம் சாய்த்துச் சத்தத்தைக் கேட்பார். சத்தம் சரியாக இருந்தால் ஒரு தலையாட்டல். ஒரு லாரி லோடு அந்த ஒற்றைத் தலையாட்டலில் கைமாறும். மச்சான் இருபத்தைந்து வருடம் அப்படித் தலையாட்டியவர். ஒருமுறைகூட ஏமாந்ததில்லை என்பார். அது உண்மைதான்.

"மாப்ளே, எதுக்கு இம்புட்டு யோசனை? ஒண்ணக் கொளுத்திப் பாத்துருவோம். ஒரு லாட்டுல ஒண்ணு ஒழுங்கா வெடிச்சா மிச்சமும் வெடிக்கும்."

"பத்துப் பன்னெண்டாவது ஒண்ணாப் போட்டுப் பாக்கணும் மச்சான்."

"பத்து வெடியக் கொளுத்தியா சாம்பிள் பாப்பாக?" என்று சிரித்தார்.

நான் அதற்கு மேல் பேசவில்லை. பேசியிருக்கலாம். அவர் கோபக்காரரே இல்லை, விளக்கிச் சொன்னால் கேட்பவர்தான். எனக்கு என் தகரப் பெட்டி ஜெயிக்க வேண்டும். அதுதான் விஷயம்.

ஆகத் தொலைவான இடத்தில் ஓடினால் எங்கும் ஓடும் என்று புதுப்பட்டியையே தேர்ந்தெடுத்தோம். தை மாதம். காலண்டர் வேலை முடிந்து அச்சகங்கள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. டவரில் ஒரு பெட்டி, அவர் வீட்டு மாடியில் ஒரு பெட்டி. ஒரு ஜோடிதான். புது அலைவரிசையில் அந்த இரண்டைத் தவிர ஈ காக்கை இல்லை. பழைய ரேடியோவில் அரை மணி நேரம் இழுக்கும் பெரிய படக் கோப்பு ஒன்றை இறக்கச் சொன்னேன். அவர் போட்டுக் கொடுத்த டீ ஆறுவதற்குள் வந்து இறங்கியது. மச்சான் கையைக் கட்டிக்கொண்டு, பழக்க தோஷத்தில் தலையைச் சாய்த்து, அந்த கம்ப்யூட்டரிடமிருந்து ஏதோ சத்தம் வரும் என்பதுபோல நின்றார். பிறகு தலையாட்டினார். வேலைக்கு இருந்த இரண்டு பெண்களும் அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"இதையே போடுங்கண்ணே. வேற எதையும் பாக்காதீக" என்றார் அவர். நான் அன்றைக்கு பைக்கில் பாட்டுப் பாடிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மாசியிலிருந்து சித்திரை வரை நூற்றிருபது மாடிகள் ஏறினேன். ஆமத்தூர்ப் பக்கம் ஒரு அரிசி ஆலை, வெம்பக்கோட்டை போகிற வழியில் ஒரு பட்டாசு ஆலையின் அலுவலகம், மிச்சம் எல்லாம் சிவகாசி அச்சகங்கள். பட்டாசு ஆலைக்குள் இரும்பு ஏணியைத் தரையில் இழுத்துக்கொண்டு போகவிட மாட்டார்கள், பொறி பறக்கும் என்று. தோளில் தூக்கிக்கொண்டு போவேன். அதுகூட அப்போது சுமையாகத் தெரியவில்லை. பழைய டப்பாக்களைக் கழற்றிச் சாக்கில் போட்டுக் கட்டி, பழைய இரும்புக் கடைக்கு அனுப்பினோம். எல்லோருக்கும் வேகம் வந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். வேலை குறைந்த மாதங்கள் அவை என்பதை யாரும் நினைக்கவில்லை. நான் நினைத்தேன். நினைத்துவிட்டு அதை ஓரமாக வைத்துவிட்டேன்.

ஆனி பிறந்தது. தீபாவளி லேபிள், பெட்டி, அட்டை என்று ஆர்டர்கள் குவிந்தன. ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பம் வெளியிட வேண்டும் என்று இன்னொரு கூட்டம் அவசரப்பட்டது. மாலை மூன்று மணிக்கு மேல் எல்லா அச்சகமும் ஒரே நேரத்தில் அனுப்ப ஆரம்பித்தது. என் பெட்டிகள் அங்கேதான் குப்புற விழுந்தன.

வெடி தனியாகத்தான் வெடிக்கும். பக்கத்தில் எத்தனை வெடி இருந்தால் அதற்கென்ன? ரேடியோ அப்படி இல்லை, கூட்டத்தில்தான் பேசியாக வேண்டும். டவருக்குக் கிழக்கே இருக்கும் பெட்டிக்கு மேற்கே இருக்கும் பெட்டி பேசுவது காதில் விழாது. யாரும் பேசவில்லை என்று நினைத்து அதுவும் பேசும். டவருக்கு இரண்டும் சேர்ந்து வெறும் இரைச்சலாகக் கேட்கும். பதில் வரவில்லையே என்று இரண்டும் மறுபடி பேசும். அதற்குள் மூன்றாவது, நான்காவது. சென்னைக்காரர் டை கட்டிக்கொண்டு சொன்னது அப்படியே நடந்தது. இந்த இரைச்சலில் முதலில் அமுங்கிப் போவது ஆகத் தொலைவில் இருக்கும், ஆக மெல்லிய குரல். அதாவது புதுப்பட்டி.

தினமும் ஐந்து மணிக்கு அவரிடமிருந்து போன் வரும்.

"அண்ணே, தொண்ணூறு சதம் போயி நின்னுருச்சு."

"கொஞ்சம் பொறும்மா, திரும்ப அனுப்பு."

"மூணு தடவ அனுப்பிட்டேண்ணே. அச்சாபீஸ்ல கத்துறாக."

ஆன்டெனாவைத் திருப்பினேன். அவர் மாடிக் கம்பத்தைப் பத்தடி உயர்த்தினேன். டவரில் அலைவரிசையை மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் நன்றாக ஓடும். மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி. காலையிலேயே அனுப்பிவிடேன் என்று ஒருநாள் அவரிடம் சொன்னேன். "காலைலதானேண்ணே வேலையே குடுக்குறாக" என்றார். முட்டாள்தனமாகப் பேசுகிறேன் என்று எனக்கே தெரிந்தது. எரிச்சலில் போனை வைத்துவிட்டேன். என்மேல் இருந்த எரிச்சலை அவர்மேல் காட்டினேன். அதற்கு இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

அவரைக் காப்பாற்ற ஒரு வழி இருந்தது. தை மாதம் செய்ததைப் போல, டவரில் அவருக்கென்று தனியாக ஒரு பெட்டி, தனி அலைவரிசை. வேறு யாரும் அதில் வர மாட்டார்கள் என்றால் என் பெட்டி தங்கமாக ஓடும். உதிரியாக ஒரே ஒரு ஜோடி மிச்சம் இருந்தது. ஆடி கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை அதைப் பையில் போட்டுக்கொண்டு புதுப்பட்டிக்குக் கிளம்பினேன். நாளைக்கு எல்லாம் சரியாகிவிடும் என்று முந்தின நாளே அவரிடம் சொல்லியும் இருந்தேன்.

மச்சான் வாசலில் நிறுத்தினார். பட்டாசுப் பெட்டி அச்சடிக்கும் பெரிய அச்சகத்தின் முதலாளி காலையிலேயே அவரைப் பிடித்து உலுக்கியிருந்தார். இன்றைக்குச் சரியாகாவிட்டால் எங்களை விட்டுப் போவதோடு, தன் சொந்தக்காரர்களின் அச்சகங்கள் பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விடுவாராம்.

"பையில என்ன மாப்ளே?"

சொன்னேன்.

"அத அங்கன மாட்டுங்க. புதுப்பட்டிக்குப் பெறகு பாத்துக்கிருவோம். ஒத்த ஆளுக்கு ஒரு ரேடியோ குடுத்தா நாம கட மூட வேண்டியதுதான்."

மச்சானைக் குறை சொல்லி நான் தப்பிக்க முடியாது. அவருக்கு அது ஒரு இணைப்பு, அவ்வளவுதான். அந்த முன்னறையில் என்ன நடக்கிறது என்பது எனக்குத்தான் தெரியும். தெரிந்தும் பைக்கை அச்சகத்துப் பக்கம் திருப்பினேன். என் கையால்தான் நட்டை முறுக்கினேன். முதலாளி குளிர்பானம் வாங்கிக் கொடுத்தார், குடித்தேன். புதுப்பட்டிக்குப் போன் போட்டு, அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். "சரிண்ணே" என்றார்.

அடுத்த வாரம் போகவில்லை, அதற்கடுத்த வாரமும் போகவில்லை. மேலும் ஜோடிகள் செய்யலாம் என்றால், அந்த ரேடியோ அட்டை கிடைக்கவில்லை. ஆவணி பாதியில் அவரிடமிருந்து ஐந்து மணிப் போன் வருவது நின்றது. அப்பாடா, ஒரு தலைவலி குறைந்தது என்று நான் நிம்மதியாக இருந்தேன். ஏன் நின்றது என்று கேட்கத் தோன்றவில்லை. இல்லை, தோன்றியது. கேட்கப் பயந்தேன்.

தீபாவளி முடிந்தது. பெரிய அச்சகத்தில் வேலை ஓய்ந்தது. அந்த முதலாளி, "தம்பி, ஒங்க டப்பாவ எடுத்துக்கிடுங்க, இனிம நாங்க கேபிள்ல போறோம்" என்று சொல்லிவிட்டார். காப்பாற்றி வைத்த வாடிக்கையாளரின் லட்சணம் இதுதான். அவிழ்த்த கையோடு டவரில் அலைவரிசையைச் சரிசெய்துவிட்டு, அச்சகத்தில் கழற்றிய அந்தப் பெட்டியையே எடுத்துக்கொண்டு புதுப்பட்டிக்கு விரட்டினேன். வழியெல்லாம் என்ன சொல்லலாம் என்று பேசிப் பார்த்துக்கொண்டே போனேன். தீபாவளிக்குப் பிறகு ஆலைகள் மூடியிருக்கும் நாட்கள். தெருவில் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள்.

"வாங்கண்ணே, நல்லா இருக்கீகளா? சாப்பிட்டீகளா?" என்று வெளியே வந்தார்.

முன்னறையில் கம்ப்யூட்டர்கள் இல்லை. தரையில் பழுப்புக் காகிதமும் பசைக் கிண்ணமும் இருந்தன. அந்த இரண்டு பெண்களும் அடுத்த சீசன் வெடிகளுக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவருடைய நகக்கண்களில் அலுமினியத் தூள் சாம்பலாகப் படிந்திருந்தது. நான் அதைப் பார்க்காததுபோல் பையைத் திறந்தேன்.

"இது தனி லைன்ம்மா. இதுல வேற யாரும் வர மாட்டாக. அஞ்சு மணிக்கு என்ன, எப்ப வேணும்னாலும் போகும்."

பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"இது புதுசாண்ணே?"

பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை.

"இல்லம்மா. ஆடிலயே இருந்துச்சு."

"ஆடிலயேவா?"

"ம்."

"எங்கண்ணே மாட்டியிருந்தீக?"

அச்சகத்தைச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நின்றேன்.

"அவுக பெரிய ஆளுகல்ல" என்றார். குரலில் ஒரு கோபமும் இல்லை. பெட்டியைத் துடைத்து என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"புரட்டாசிலயே பட்டாசுக் கம்பெனிக்குப் போயிட்டேண்ணே. இப்ப அடுத்த வருசத்துக்கும் கம்பெனில பேரு குடுத்தாச்சு. இந்தப் பிள்ளைக ரெண்டு பேரும் குடுத்துட்டாக. கார்த்திகைல பூசை போட்டுத் திறக்குறாக."

"திரி வைக்கிற வேலையாம்மா?"

"அதுல ஆள் இருக்காம். மருந்து செலுத்துற வேலதான் இருக்குன்னாக."

குழாயில் வெடிமருந்தை அடைக்கும் அந்த அறைதான் ஆலையில் முதலில் வெடிக்கும் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. முன்பு உயிர் தப்பிய வேலையைவிட மோசமான வேலைக்கு அவரை அனுப்பியிருக்கிறேன். கூடவே இரண்டு பேரை.

"மேல இருக்கிற டப்பாவையும் கழட்டிட்டுப் போயிருங்கண்ணே. அந்தக் கம்பத்துல துணி காயப்போடக் கொடி கட்டிக்கிடுறேன்."

மாடிப்படி கிடையாது, ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும். ஏறிக் கழற்றினேன். நூற்றிருபது மாடிகளில் செய்த வேலைதான், ஆனாலும் ஸ்பேனர் ஒருமுறை நழுவி விழுந்தது. அவர் கீழே நின்று ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பாத்துண்ணே" என்றார் அண்ணாந்து பார்த்து. "சூதானமா எறங்குங்க. வீட்டுல பிள்ளைக காத்துக்கிட்டு இருக்கும்."